போர் போட்டவர் ஊருக்குப் போன பிறகு

தளவாய்புரத்திலிருந்து டீச்சர் எழுதுகிறேன். வழக்கம்போல் நீளமான பதிவுதான். நைட்டி தைக்கிற பிள்ளைகள் மிஷினை நிறுத்திவிட்டுப் படிக்க வேண்டாம். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு படித்துக்கொள்ளுங்கள்.

என்னிடம் படித்த பிள்ளை ஒருவர் இப்போது வெளிநாட்டில் நல்ல வேலையில் இருக்கிறார். போன வாரம் போனில் கேட்டார்: "டீச்சர், ஆறு மாசம் லீவு போட்டுட்டு ஆப்பிரிக்காவுல ஒரு கிராமத்துக் குடிதண்ணித் திட்டத்துக்குத் தன்னார்வலரா போகலாம்னு இருக்கேன். அதுல என்ன கஷ்டம் வரும்?" ஆப்பிரிக்காவை நான் சுவர் மேப்பில் குச்சி வைத்துக் காட்டியதோடு சரி. ஆனாலும் இந்தக் கேள்விக்கு நம்மிடம் பதில் இருக்கிறது. ஏனென்றால் 50, 60 வருடங்களுக்கு முன்னால் வெளிநாட்டுத் தன்னார்வலர்கள் தண்ணீர் எடுத்துக் கொடுக்க வந்து இறங்கிய "வெளிநாடு" நம் நாடுதான். அவர்கள் பட்ட கஷ்டமெல்லாம் நம் ஊர்களில் பட்டதுதான். அந்த வரலாற்றைத்தான் இன்று எழுதப் போகிறேன்.

முதலில் ஒரு பழைய கதை. 1934 ஜனவரி 15-ஆம் தேதி பீகாரில் பெரிய பூகம்பம். சுவிட்சர்லாந்துக்காரர் பியேர் செரசோல் என்ற பொறியாளர் இதைக் கேள்விப்பட்டு உதவிக்கு வந்தார். சாதாரண ஆள் இல்லை. அவருடைய அப்பா சுவிட்சர்லாந்தின் ஜனாதிபதியாக இருந்தவர். முதல் உலகப் போர் முடிந்ததும் 1920-இல், சண்டை போட்ட நாடுகளின் இளைஞர்களையே கூட்டிப் போய் இடிந்த வீடுகளைக் கட்டிக் கொடுக்க ஓர் இயக்கம் தொடங்கியவர் அவர். பீகாரில் பூகம்பத்துக்குப் பிறகு வெள்ளம் புகுந்த கிராமங்களை மேட்டு நிலத்துக்கு மாற்றிக் கட்டும் வேலையில் சில தோழர்களோடு 1937 வரை வந்து வந்து உழைத்தார். அங்கே வெயிலையும் கொசுவையும் அவர்கள் எப்படியோ தாங்கிக்கொண்டார்கள். அவர்களுக்குப் புரியாமல் போனது வேறொன்று. படித்த உள்ளூர்க்காரர்கள் மேற்பார்வை பார்க்க வரிசையில் நின்றார்கள், மண்வெட்டி பிடிக்க முன்வந்தவர்கள் குறைவு. தன் நாட்டில் ஜனாதிபதி மகன் மண் வெட்டுவதைச் சேவை என்பார்கள். நம் நாட்டில் மண் வெட்டுவதற்கென்று ஒரு சாதியே ஒதுக்கி வைத்திருந்தோம். கண்ணுகளா, இன்றைக்கும் ஊர்ச் சிரமதானத்தில் போட்டோ எடுக்கும்வரை எத்தனை பேர், எடுத்த பிறகு எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள்.

இனி தண்ணீருக்கு வருகிறேன். மறுபடியும் பீகார்தான். 1966-67 பஞ்சம். மழை பொய்த்து, கிணறுகள் வற்றி, குடிக்கத் தண்ணீர் இல்லாமல் சனங்கள் தவித்தார்கள். பல நாடுகளின் தொண்டு நிறுவனங்களும் கிறிஸ்தவ மிஷன்களும் யுனிசெஃபும் ஓடி வந்தன. யுனிசெஃப் 1967-இல் காற்றழுத்தத்தில் இயங்கும் துளைப்பு எந்திரங்களை விமானத்தில் ஏற்றி அனுப்பியது. நாம் "போர் வண்டி" என்கிறோமே, அதன் மூதாதை.

இது எவ்வளவு பெரிய விஷயம் என்று சின்னப் பிள்ளைகளுக்குப் புரியாது. நம் பக்கத்தில் கிணறு வெட்டியவர்களைக் கேட்டால் சொல்வார்கள். மேலே கொஞ்சம் மண், அப்புறம் சுக்கான், அதற்குக் கீழே பாறை. கடப்பாரை, தமரூசி, வெடி, கூடை என்று ஒரு கிணறு முடிய மாதக்கணக்கில் ஆகும். சில சமயம் வருடமும் ஆகும், ஆள் உயிரும் போகும். தீபகற்ப இந்தியாவின் பெரும்பகுதி இப்படிப்பட்ட கடும்பாறைதான். பாறையில் தண்ணீர் விரிசல்களுக்குள் இருக்கும். அதுவும் ஆழத்தில் இருக்கும். இந்தப் புது எந்திரத்தில் சுத்தியல் துளைக்குள்ளேயே இறங்கி, அமுக்கிய காற்றின் வேகத்தில் பாறையைப் பொடித்துக்கொண்டே போகும். மாதக்கணக்கில் வெட்டிய ஆழம் ஒன்றிரண்டு நாளில் முடிந்தது. சனங்கள் வாயைப் பிளந்தார்கள். பிற்பாடு இந்தத் தொழிலை நம்மவர்கள் அப்படியே பிடித்துக்கொண்டார்கள். இன்று இந்தியாவில் எந்த மூலைக்குப் போனாலும் திருச்செங்கோட்டு போர் வண்டியைப் பார்க்கலாம்.

துளை போட்டாகிவிட்டது. தண்ணீரும் வந்துவிட்டது. மேலே கொண்டுவர ஒரு பம்பு வேண்டுமே! வந்தவர்கள் கையில் இருந்தது வார்ப்பிரும்புப் பம்பு. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பண்ணை வீட்டுக் கொல்லையில் ஒரு குடும்பம் பயன்படுத்தும் பம்பின் நகல். அங்கே வீட்டுக்கார அம்மா காலையில் பத்துத் தடவை, சாயங்காலம் பத்துத் தடவை அடிப்பார். நம் ஊரில்? விடியுமுன் நாலு மணிக்குக் குடம் வரிசை கட்டும். ராத்திரி வரை கைப்பிடி ஓயாது. ஒரே பம்பை நூற்றுக்கணக்கான பேர் அடிப்பார்கள். பெரியவர்கள் அடித்த பிறகு பிள்ளைகள் கைப்பிடியில் தொங்கி ஆடுவார்கள். அதைக் கண்டித்து நானே எத்தனை காதைத் திருகியிருக்கிறேன்! தண்ணீர் மட்டமோ அங்கே இருபது அடி, இங்கே நூறு அடி. கைப்பிடி ஆணி தேய்ந்தது. வார்ப்பிரும்பு உடைந்தது. பம்பைத் துளையின் குழாய் மேலேயே பொருத்தியிருந்ததால் அடிக்க அடிக்க ஆட்டம் கண்டது. அந்த இடுக்கு வழியாக அழுக்குத் தண்ணீர் துளைக்குள் இறங்கியது.

1974 வாக்கில் யுனிசெஃப் கணக்கெடுத்தபோது, போட்ட கைப்பம்புகளில் முக்கால்வாசி வேலை செய்யவில்லை என்று தெரிந்தது. முக்கால்வாசி! நூறு பிள்ளைகள் பரீட்சை எழுதி 75 பேர் பெயில் என்றால், பிள்ளைகளையா குறை சொல்வீர்கள்? கேள்வித்தாளில் ஏதோ கோளாறு என்றுதானே பார்ப்போம். ஆனால் அந்தக் காலத்து அறிக்கைகள் பலவற்றின் போக்கு "கிராமத்து மக்களுக்குப் பயன்படுத்தத் தெரியவில்லை" என்பதாக இருந்தது. பம்பு செய்தவர்கள் எழுதும் அறிக்கையில் பம்பைக் குறை சொல்வார்களா என்ன!

இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி வருகிறது. மகாராஷ்டிரத்தில் ஜால்னா, சோலாப்பூர் என்று இரண்டு ஊர்கள். வறண்ட பூமி. அங்கே மிஷன்களைச் சேர்ந்தவர்கள் 1960-களில் போர் போட்டுக் கொடுத்து வந்தார்கள். மற்றவர்களைப் போல் போட்டுவிட்டுப் போட்டோ எடுத்துக்கொண்டு போகாமல் அங்கேயே தங்கியிருந்தார்கள். ஆகவே அவர்கள் போட்ட பம்பு உடைந்தால் அவர்கள் வீட்டு வாசலில்தான் ஆள் வந்து நிற்கும். ஒரு தடவை, இரண்டு தடவை, பத்துத் தடவை சரி செய்து அலுத்துப் போய், உள்ளூர்ப் பட்டறைகளில் இரும்புத் தகட்டை வெட்டி, வெல்டிங் வைத்து, தாங்களே பம்பு செய்ய ஆரம்பித்தார்கள். கைப்பிடியில் பல ஆணிகளுக்குப் பதில் ஒரே அச்சு. அச்சில் பேரிங். கைப்பிடியிலிருந்து கீழே போகும் கம்பியை ஒரு செயினில் தொங்கவிட்டால், கைப்பிடி எந்தப் பக்கம் இழுத்தாலும் கம்பி நேராகத்தான் ஏறி இறங்கும், தேயாது. பம்பைத் துளைக் குழாயில் பொருத்தாமல் தனியாக சிமெண்டுத் தளத்தில் நட்டுவிட்டால் ஆட்டமும் இல்லை, அழுக்கும் இறங்காது. சைக்கிள் கடையில் உட்கார்ந்து யோசித்தால் வருகிற யோசனைகள்தான். ஆனால் தூரத்து ஆபீசில் உட்கார்ந்தவர்களுக்கு வரவில்லை.

சோலாப்பூர் பம்பு ஒன்றுதான் அடி தாங்குகிறது என்று கண்டு, இந்திய அரசும் யுனிசெஃபும் உலக சுகாதார நிறுவனமும் சேர்ந்து அதை அடிப்படையாக வைத்துப் புதுப் பம்பு ஒன்றை வடிவமைத்தார்கள். வைத்த நிபந்தனைகள் எளிமையானவை. விலை 200 டாலருக்குள் இருக்க வேண்டும். சாதாரணப் பட்டறையில் செய்ய முடிய வேண்டும். குறைந்தது ஒரு வருடம் பழுதில்லாமல் ஓட வேண்டும். மாதிரிப் பம்புகளை எங்கே வைத்துச் சோதித்தார்கள் தெரியுமா? நம் கோயம்புத்தூர்ப் பக்கத்துக் கிராமங்களில்! அங்கே தண்ணீர் மட்டம் ஆழம், கூட்டமும் அதிகம். அங்கே தாங்கினால் எங்கேயும் தாங்கும் என்ற கணக்கு. தாங்கியது. 1977-78 வாக்கில் சென்னையில் இருந்த ரிச்சர்ட்சன் அண்ட் குரூடாஸ் என்ற பொதுத்துறை நிறுவனத்தில் உற்பத்தி தொடங்கியது. அதற்குப் பெயர் "இந்தியா மார்க் 2".

பெயர் உங்களுக்குப் புதிதாக இருக்கலாம், பொருள் புதிதில்லை. நம் தெருமுனையில் நின்ற அடிபம்பு அதுதான். சதுர மண்டை, நீளக் கம்பிக் கைப்பிடி, முன்னால் மூக்கு. சுமார் 150 அடி ஆழம் வரை இழுக்கும். குழாயடிச் சண்டை என்று நாம் சொல்லிச் சிரிக்கிறோமே, அதில் பாதி இந்தப் பம்படியில் நடந்ததுதான். 1990-களின் நடுவிலேயே உலகம் முழுக்க 50 லட்சம் மார்க் 2 பம்புகள் செய்து நட்டிருந்தார்கள். இதற்கு யாரும் காப்புரிமை வாங்கி வைத்துக்கொள்ளவில்லை. வரைபடத்தைப் பார்த்து யார் வேண்டுமானாலும் செய்யலாம். இந்தக் காலத்தில் நம்ப முடிகிறதா?

பம்பு நல்ல பம்பாகிவிட்டது. அதோடு கஷ்டம் தீர்ந்ததா என்றால் இல்லை. எவ்வளவு நல்ல பம்பாக இருந்தாலும் உள்ளே ஒரு தோல் வாசர் இருக்கும். அது தேயும். நாலு ரூபாய் சமாச்சாரம். ஆனால் அதை மாற்ற, துளைக்குள் இறங்கியிருக்கும் நூறடிக் குழாயையும் துண்டு துண்டாகக் கழற்றி மேலே ஏற்ற வேண்டும். அதற்கு நாலைந்து ஆள், தூக்கும் கருவி, ஒரு வண்டி. வாசர் தேய்ந்த அன்றைக்கு, போர் போட்டுக் கொடுத்த வெளிநாட்டுப் பிள்ளை எங்கே இருப்பான்? தன் ஊரில் கல்யாணம் முடித்து, பேங்கில் வேலை பார்த்துக்கொண்டிருப்பான். பெண்கள் பழைய ஊருணிக்கே குடத்தைத் தூக்கிக்கொண்டு நடப்பார்கள். கேட்ட பிள்ளைக்கு நான் சொல்ல நினைக்கும் முதல் கஷ்டம் இதுதான். போர் போடுகிற அன்று கொட்டு மேளம் இருக்கும். வாசர் தேய்கிற அன்று கேட்க நாதி இருக்காது.

இதற்குத் தமிழ்நாட்டில் ஒரு வழி செய்தார்கள். குடிநீர் வடிகால் வாரியம் 1971-இல் ஏற்பட்டது. 70-களின் பிற்பகுதியில் யுனிசெஃப் உதவியோடு மூன்றடுக்குப் பராமரிப்பு முறை வந்தது. கிராமத்தில் ஒவ்வொரு பம்புக்கும் ஒரு பராமரிப்பாளர், ஒன்றியத்தில் ஒரு பிட்டர், மாவட்டத்தில் வண்டியும் கருவியும் உள்ள ஒரு நடமாடும் குழு. பராமரிப்பாளருக்குச் சிறு பயிற்சியும் ஸ்பேனரும் கொடுத்தார்கள். செயினுக்குக் கிரீஸ் போடுவது, போல்ட்டை முறுக்குவது, பம்படியில் மாடு கழுவவிடாமல் பார்ப்பது, ரிப்பேர் என்றால் அஞ்சலட்டையில் எழுதிப் போடுவது இவர் வேலை. சம்பளம் கிடையாது. இவரும் தன்னார்வலர்தான்! வெளிநாட்டிலிருந்து ஆறு மாதத்துக்கு வருகிற தன்னார்வலருக்குப் பிரிவு உபசார விழா உண்டு, சால்வை உண்டு. ஆறு வருடம் கிரீஸ் போட்ட தன்னார்வலருக்கு என்ன உண்டு? "ஒன் வீட்டு பம்பா இது, எங்களை அதட்டுறே?" என்ற ஏச்சுதான். இந்த முறை ஓரளவுதான் ஓடியது. அஞ்சலட்டை போய்ச் சேர்ந்தாலும் வண்டி வர நாளானது. சம்பளமில்லா வேலையை எத்தனை நாள் ஒருவர் செய்வார்? இதில் கிராமத்தாரைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது.

ராஜஸ்தானில் திலோனியா என்ற ஊரில் பங்கர் ராய் 1972-இல் தொடங்கிய சமூகப் பணி மையம் இதையே வேறு மாதிரி செய்தது. மூன்று அடுக்கு வேண்டாம், ஊர்ப் பையன் ஒருவனுக்கே முழுத் தொழிலையும் கற்றுக் கொடு, அதற்குக் கூலி கொடு என்றார்கள். 1990-களில் உத்தரப் பிரதேசம் பாந்தா மாவட்டத்தில் மகிளா சமாக்கியா திட்டத்தில் பெண்களே கைப்பம்பு மெக்கானிக் ஆனார்கள். எழுதப் படிக்கத் தெரியாத, ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்கள். குழாயைக் கழற்றி ஏற்றி வாசர் மாற்றினார்கள். பம்பு கற்றுக்கொண்ட பிறகு, பழுதைக் குறித்து வைக்க எழுத்தும் வேண்டும் என்று கேட்டு வாங்கிக் கற்றார்கள். ஒரு டீச்சராக எனக்கு இதைப் படித்தபோது உடம்பு சிலிர்த்தது. பம்பு கெட்டால் யாருக்கு இடுப்பு ஒடிகிறதோ அவர் கையில் ஸ்பேனர் இருந்தால் வேலை தன்னால் நடக்கும்.

பம்பையும் மாற்றினார்கள். 1983 முதல் 1988 வரை மறுபடி கோயம்புத்தூர்ப் பக்கமே பெரிய சோதனை நடத்தி, மார்க் 3 என்று ஒன்று கொண்டுவந்தார்கள். இதில் உள்குழாய் அகலம். வாசர் இருக்கும் பாகத்தைக் குழாயைக் கழற்றாமலே மேலே உருவி எடுக்கலாம். ஊர்க்காரர்களே இரண்டு மூன்று பேர் சேர்ந்து செய்யலாம். 1981 முதல் 1990 வரையை ஐக்கிய நாடுகள் சபை குடிநீர்ப் பத்தாண்டு என்று அறிவித்திருந்தது. பராமரிப்பவருக்கு எளிதாக இல்லாத பம்பு நல்ல பம்பு இல்லை என்று உலகம் கற்றுக்கொண்டது அந்தப் பத்தாண்டில்தான்.

இதுவரை இரும்பும் தோலும் கொடுத்த கஷ்டம். மனிதர்கள் கொடுக்கும் கஷ்டத்துக்கு வருவோம்.

விசென்டே பெரர் என்று ஒருவர். 1920-இல் பார்சிலோனாவில் பிறந்த ஸ்பெயின்காரர். ஏசு சபைத் துறவியாக 1952-இல் பம்பாய் வந்தவர். மகாராஷ்டிரத்தில் மன்மாட் பகுதியின் ஏழை விவசாயிகளைப் பார்த்தார். கிணறு வெட்டுங்கள், வெட்டும் நாட்களில் சாப்பிடக் கோதுமையும் எண்ணெயும் நான் தருகிறேன் என்றார். வட்டியில்லாக் கடனும் கொடுத்தார். கிணறுகள் பெருகின. தண்ணீர் வந்தால் பயிர் வரும். பயிர் வந்தால் சின்ன விவசாயி வட்டிக்கடைக்குப் போக மாட்டான், பெரிய பண்ணைக்கு அத்தக்கூலிக்கும் போக மாட்டான். அப்போது யாருக்கு வயிறு எரியும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. மதம் மாற்ற வந்தவர் என்றார்கள், அரசியல் செய்கிறார் என்றார்கள். 1968-இல் நாட்டை விட்டு வெளியேற உத்தரவு வந்தது. ஆயிரக்கணக்கான விவசாயிகள் மன்மாட்டிலிருந்து பம்பாய்க்கு நடந்தே போய் அவருக்காக நின்றார்கள். பிரதமர் இந்திரா காந்தி தலையிட்டு, அவர் கொஞ்ச நாள் வெளியே போய்விட்டுத் திரும்பி வரலாம் என்று வழி செய்தார். போனார், வந்தார். ஆனால் மகாராஷ்டிரத்தில் இடமில்லை. 1969-இல் ஆந்திராவின் அனந்தபூரில் போய் உட்கார்ந்தார். நாட்டின் மிக வறண்ட மாவட்டங்களில் ஒன்று. பிறகு சபையை விட்டு விலகி, கல்யாணம் செய்துகொண்டு, 2009-இல் இறக்கும்வரை அங்கேயேதான் இருந்தார். அவர் ஆரம்பித்த ஊரக வளர்ச்சி அறக்கட்டளை இன்றும் அங்கே நடக்கிறது.

இவர் கதையில் நான் கவனிப்பது இது. தண்ணீர் கொடுப்பது தர்ம காரியம், அதை யார் எதிர்ப்பார்கள் என்றுதான் வெளியிலிருந்து வருகிறவர் நினைப்பார். தண்ணீர் ஒருவருக்குக் கிடைக்கும்போது, அது கிடைக்காமல் இருந்ததால் லாபம் பார்த்தவர் ஒருவர் அந்த ஊரில் இருப்பார். அவர் பெரும்பாலும் நல்ல சட்டை போட்டுக்கொண்டு, உங்களை முதலில் வரவேற்று இளநீர் வெட்டிக் கொடுப்பவராகவே இருப்பார்!

அவர் காட்டுகிற இடத்தில் போர் போட்டால் என்ன ஆகும் என்பதை நாம் நம் நாட்டிலேயே பார்க்கலாம். அண்ணல் அம்பேத்கர் 1927 மார்ச் 20-ஆம் தேதி மஹாட்டில் பொதுக் குளத்துத் தண்ணீரை அள்ளிக் குடிக்க ஆயிரக்கணக்கான மக்களைத் திரட்டிப் போக வேண்டியிருந்தது. குளத்தில் தண்ணீர் நிறையத்தான் இருந்தது. குளம் எல்லாருக்கும் பொது என்று நகராட்சித் தீர்மானமும் இருந்தது. ஆனால் கரையில் இறங்கத்தான் விடவில்லை. வெளிநாட்டுப் பிள்ளை மேப்பில் புள்ளி வைத்து "இந்த ஊருக்கு ஒரு பம்பு" என்று எழுதிக்கொள்வான். ஊருக்குள் எத்தனை ஊர் என்று மேப்பில் இருக்காது. கோவில் வாசலில் நட்ட பம்பில் யார் குடம் வைக்கலாம், யார் தள்ளி நின்று யாராவது ஊற்றுவார்களா என்று காத்திருக்க வேண்டும் என்பதெல்லாம் அங்கே பொழுது விடிவதிலிருந்து பம்படியில் நின்று பார்த்தால்தான் தெரியும். ஆப்பிரிக்காவில் சாதி வேறு பெயரில் இருக்கலாம். இல்லாமல் இருக்காது.

அடுத்தது, இன்னும் பயங்கரமான ஒன்று. வங்கதேசத்தில் குளத்துத் தண்ணீரைக் குடித்து வயிற்றுப்போக்கில் குழந்தைகள் சாகிறார்கள் என்று 1970-களில் யுனிசெஃபும் அரசும் மற்றவர்களும் லட்சக்கணக்கில் குழாய்க் கிணறுகள் போட்டார்கள். அங்கே வண்டல் மண், சுலபமாக இறங்கும். குழந்தைகள் பிழைத்தார்கள். நல்ல எண்ணத்தில் எந்தக் குறையும் இல்லை. ஆனால் அந்த நிலத்தடி நீரில் ஆர்சனிக் என்ற விஷம் இயற்கையாகவே கலந்திருந்தது. அன்று அதைச் சோதிக்க யாருக்கும் தோன்றவில்லை. பக்கத்து மேற்கு வங்காளத்தில் 1983-இல் கல்கத்தாவின் தோல் மருத்துவர் கே.சி. சாஹா, நோயாளிகளின் கையிலும் காலிலும் இருந்த புள்ளிகளைப் பார்த்து இது தண்ணீரால் வந்தது என்று கண்டுபிடித்தார். வங்கதேசத்தில் 1993-இல்தான் உறுதியானது. அதற்குள் கோடிக்கணக்கான பேர் குடித்துவிட்டார்கள். பிறகு குழாய் குழாயாகச் சோதித்து, விஷம் உள்ளதற்குச் சிவப்பும் நல்லதற்குப் பச்சையும் அடித்தார்கள். நம் தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் ஆழ்துளைக் கிணற்று நீரில் புளோரைடு. பிள்ளைகளின் பல் கறுத்தது, பெரியவர்களின் எலும்பு வளைந்தது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் ஜப்பான் நிதியுதவியோடு 2013-இல் முடிந்த பிறகுதான் அங்கே காவிரித் தண்ணீர் வந்தது. தண்ணீர் தெளிவாக இருக்கிறது, குளிர்ச்சியாக இருக்கிறது என்பதெல்லாம் சோதனை ஆகாது. கடைசியாகப் போக வேண்டியவர் போட்டோகிராபர். முதலில் போக வேண்டியது தண்ணீர் பாட்டிலோடு ஆய்வுக்கூடத்துக்கு.

சரி, இப்போது ஆப்பிரிக்கா. அங்கே போய் இறங்கினால் நம் ஊர்ச் சொந்தக்காரர் ஒருவர் பம்படியில் நின்றுகொண்டிருப்பார். உகாண்டாவில் யு2 என்று ஒரு பம்பு பரவலாக இருக்கிறது. நம் இந்தியா மார்க் 2-ஐயே அந்த நாட்டுக்கு ஏற்ப மாற்றியதுதான். சோலாப்பூர்ப் பட்டறையில் பிறந்து, கோயம்புத்தூரில் தேறி, சென்னையில் வேலைக்குச் சேர்ந்து, உகாண்டாவுக்குப் போன பிள்ளை! பம்பு நன்றாகப் போய்ச் சேர்ந்தது. அதன் பழைய வியாதியும் கூடவே போனது. சகாராவுக்குத் தெற்கே உள்ள நாடுகளின் கைப்பம்புகளில் எந்த நேரத்திலும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பழுதாகிக் கிடக்கின்றன என்று 2009-இல் கணக்கிட்டார்கள். நம் 1974 கணக்கை விடத் தேவலை, அவ்வளவுதான். நட்டவர் போய்விட்டார், வாசர் இல்லை, வாசர் விற்கும் கடை நாற்பது மைல் தள்ளி.

1998-இல் கனடாவில் ஒன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் தன் டீச்சர் வகுப்பில் சொன்னதைக் கேட்டான். 70 டாலர் இருந்தால் தண்ணீர் இல்லாத ஊரில் ஒரு கிணறு வெட்டலாம் என்று. ரயன் என்று பெயர். ஆறு வயது. வீட்டில் ஜன்னல் துடைத்து, வேலை செய்து, நாலு மாதத்தில் 70 டாலர் சேர்த்தான். கொண்டு போய்க் கொடுத்தபோது கிணற்றுக்கு 2,000 டாலர் ஆகும் என்றார்கள். இன்னும் வேலை செய்கிறேன் என்றான். 1999-இல் வடக்கு உகாண்டாவில் அங்கோலோ ஆரம்பப் பள்ளிக்கூடத்தில் கிணறு வந்தது. வகுப்பில் போகிற போக்கில் நாம் சொல்லும் ஒரு வார்த்தை எங்கே போய் விழும் என்று யாருக்குத் தெரியும்! ரயனின் பெயரில் ஏற்பட்ட அறக்கட்டளை இன்றும் நடக்கிறது. பள்ளிக்கூடத்துக்குள் கிணறு அமைந்ததைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். தினமும் தண்ணீர் குடிக்க வருகிற கூட்டம் அங்கே இருக்கிறது, பொறுப்பாகத் தலைமையாசிரியர் ஒருவர் இருக்கிறார்.

இதற்கு நேர் எதிரான கதையும் பிள்ளைகளை வைத்துத்தான். தென்னாப்பிரிக்காவில் ஒரு பம்பு கண்டுபிடித்தார்கள். பிள்ளைகள் ஏறிச் சுற்றும் ராட்டினம். அது சுற்றச் சுற்ற நிலத்தடி நீர் மேலே உள்ள தொட்டிக்கு ஏறும். விளையாட்டுக்கு விளையாட்டு, தண்ணீருக்குத் தண்ணீர். பெயர் பிளேபம்ப். கேட்டவுடனே யாருக்கும் பிடித்துவிடும், எனக்கும் பிடித்தது. 2006-இல் அமெரிக்காவில் அப்போதைய ஜனாதிபதியின் மனைவி லாரா புஷ் மேடையில் அறிவிக்க, 1 கோடியே 64 லட்சம் டாலர் திரட்டித் தருவதாக உறுதி சொன்னார்கள். 2010-க்குள் 4,000 பம்பு நடத் திட்டம். ஒரு பம்பின் விலை சுமார் 14,000 டாலர், சாதாரணக் கைப்பம்பு போல் நாலு மடங்கு. நட்டார்கள். பிள்ளைகள் முதல் வாரம் ஆடினார்கள். ராட்டினம் சும்மா சுற்றினால்தான் ஆட்டம். ஒவ்வொரு சுற்றும் பாரம் இழுத்தால் அதற்குச் செக்கு என்று பேர். பிள்ளைகள் இறங்கிப் போய்விட்டார்கள். பிறகு நடுவயதுப் பெண்கள் குனிந்து அந்தச் சக்கரத்தைக் கையால் தள்ளித் தண்ணீர் எடுத்தார்கள். கார்டியன் நாளிதழில் 2009-இல் ஒருவர் கணக்குப் போட்டுக் காட்டினார்: சொன்ன அளவு தண்ணீர் வர வேண்டுமானால் பிள்ளைகள் ஒரு நாளைக்கு 27 மணி நேரம் விளையாட வேண்டும். ஐந்தாம் வகுப்புக் கணக்கு! கோடிகளைத் தூக்கிக் கொடுத்தவர்களில் ஒருவராவது முதலில் போட்டிருக்கக் கூடாதா? 2010-இல் அந்த அமைப்பு கடையைக் கட்டி, மிச்சமிருந்ததை வேறொரு நிறுவனத்திடம் ஒப்படைத்தது.

ஆகவே போகிற பிள்ளைகள் தாராளமாகப் போங்கள். ஆறு மாதம் என்பது போர் போடத் தாராளம், ஊரைத் தெரிந்துகொள்ளப் போதாது. அதனால் ஏற்கெனவே வருடக்கணக்கில் அங்கே தங்கியிருக்கும் அமைப்பாகப் பார்த்துச் சேருங்கள். போனதும் முதல் மாதம் புதுப் பம்பு எதையும் நடாமல், கெட்டுப் போன பழைய பம்புகளை ஒவ்வொன்றாகப் போய்ப் பாருங்கள். ஒவ்வொரு பம்படியிலும் ஒரு வரலாறு இருக்கும். யார் நட்டது, எப்போது நின்றது, வாசர் எங்கே விற்கிறது, பழுது பார்ப்பவருக்கு யார் கூலி கொடுப்பது என்று கேளுங்கள். ஆண்கள் சொல்வதை எழுதிக்கொள்ளுங்கள். பிறகு குடம் தூக்கும் பெண்களிடம் போய் அதையே கேட்டால் வேறு பதில் வரும். அவர்கள் மொழி தெரியாவிட்டால் ஒரு குடத்தை நீங்களும் தூக்கிக்கொண்டு கூட நடங்கள். எவ்வளவு தூரம் என்று தோள் சொல்லிவிடும்.

நம் பக்கம் இப்போது வீட்டுக்கு வீடு குழாய் வந்துவிட்டது. அடிபம்பு இருந்த துளைகள் பலவற்றில் மோட்டாரை இறக்கி, மேலே சின்டெக்ஸ் தொட்டி வைத்துவிட்டார்கள். கரண்ட் போனால் தண்ணீரும் போச்சு. சில தெருக்களில் மட்டும் பழைய மார்க் 2 கைப்பிடி இல்லாமல், செயின் துருப்பிடித்து, போஸ்டர் ஒட்டிய மண்டையோடு நிற்கிறது. சேத்தூர், முகவூர், செட்டியார்பட்டிப் பக்கம் அந்தக் காலத்தில் ஸ்பேனர் வாங்கிப் பராமரிப்பாளராக இருந்தவர்கள், அல்லது அவர்கள் பிள்ளைகள் யாராவது இதைப் படித்தால் எனக்குத் தகவல் சொல்லுங்கள். அந்த ஸ்பேனர் வீட்டில் இருந்தால் ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கள். அவர்கள் பெயர்களை ஒரு நோட்டில் எழுதி வைக்க வேண்டும் என்று நினைத்திருக்கிறேன்.